முறையும் மனமும்: அண்ணாமலையிலும் யூத மரபிலும்

அண்ணாமலையார் கோயிலில் அர்ச்சனைச் சீட்டோடு நிற்பவரிடம் குருக்கள் கேட்பது பெயர், நட்சத்திரம், கோத்திரம். கோத்திரம் தெரியாதென்றால் 'சிவகோத்திரம்' என்று அவரே சேர்த்துக்கொள்வார். அடுத்த நொடியே சமஸ்கிருத வாசகம் ஒன்று வேகமாக ஓடி முடியும். இன்னார், இன்ன நட்சத்திரத்தில் பிறந்தவர், குடும்பத்தோடு நலமாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய பூஜைகளில் இதே வாசகம் விரிந்து ஊர், ஆண்டு, அயனம், மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் குறித்த பிறகே வேண்டுதலுக்கு வரும். இதைச் சங்கல்பம் என்கிறோம். இந்த வழிபாட்டை எதற்காகச் செய்கிறேன் என்று செய்கிறவர் மனத்தில் உறுதி கொள்ளும் இடம் இது. ஆனால் உறுதி கொள்ள வேண்டியவர் கைகூப்பிப் பேசாமல் நிற்கிறார். அவர் உள்ளத்தில் இருப்பதை அவருக்குப் புரியாத மொழியில் இன்னொருவர் அறிவிக்கிறார்.

வழிபாட்டில் முறை பெரிதா, மனம் பெரிதா என்ற கேள்வி நம்மிடையே ஏறக்குறைய பட்டிமன்றத் தலைப்பாகிவிட்டது. மனம்தான் என்று தீர்ப்புச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் எண்ணம். இதே கேள்வியை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சட்ட நுணுக்கத்தோடு வாதாடிவரும் மரபு ஒன்று உண்டு. அது யூத மரபு. அவர்களுடைய வாதத்தைத் தெரிந்துகொண்டு திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்தால், நம் ஊரில் கண்முன்னே நடப்பது வேறு மாதிரி தெரிகிறது.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு. அதன் முதல் நூலான 'பெரகோத்' பிரார்த்தனையைப் பற்றியது. அது இறைவனின் பெருமையைச் சொல்லித் தொடங்கவில்லை. மாலையில் 'ஷெமா' என்னும் விசுவாச வாசகத்தை எந்த நேரத்திலிருந்து ஓதலாம் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. கடிகாரக் கணக்குப்போலத் தெரியும் இந்த நூலுக்குள்ளேதான் ரபி எலியேசரின் கருத்தும் இருக்கிறது: தன் பிரார்த்தனையை மாறாத கடமையாக ஆக்கிக்கொண்டவனின் பிரார்த்தனை மன்றாட்டு ஆகாது. யூதர்கள் நிலைத்த முறையைக் 'கேவா' என்றும், உள்ளத்தை இறைவன்பால் திருப்புவதைக் 'கவ்வானா' என்றும் சொல்வார்கள். இரண்டும் வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. இரண்டும் மோதும் இடத்தில் எது எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் வழக்கு.

அந்த வழக்கு எவ்வளவு நுட்பமாகப் போகிறது என்பதற்கு ஒன்றிரண்டு காட்டலாம். ஷெமாவை எழுத்துச் சுத்தமாக உச்சரிக்காமல் ஓதியவன் கடமையை நிறைவேற்றியவன்தானா? ஆம் என்கிறார் ரபி யோசே. இல்லை என்கிறார் ரபி யெஹூதா. நாள்தோறும் பிரார்த்தனையின் பதினெட்டு வாழ்த்துகளையும் முழுமையாகச் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்கிறார் ரபான் கம்லியேல். சுருக்கம் போதும் என்கிறார் ரபி யெஹோசுவா. ரபி அகிபா, பிரார்த்தனை வாயில் சரளமாக வருகிறவன் முழுவதையும் சொல்லட்டும், வராதவன் சுருக்கத்தைச் சொல்லட்டும் என்கிறார். ஆளைப் பார்த்து அளவை வைக்கும் பரிவு அந்தப் பதிலில் இருக்கிறது. பழங்காலத்துப் பக்திமான்கள் பிரார்த்தனைக்கு முன் ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்து உள்ளத்தை ஒருமுகப்படுத்துவார்கள் என்றும் அதே நூல் பதிவு செய்கிறது.

இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 12ஆம் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் கறாராகவே எழுதினார். கவ்வானா இல்லாத பிரார்த்தனை பிரார்த்தனையே ஆகாது. மனம் வேறெங்கோ இருக்கச் சொல்லி முடித்தவன் மறுபடி சொல்ல வேண்டும். மனம் கலங்கியிருப்பவன் அது தெளியும்வரை பிரார்த்திக்கவே கூடாது. கேட்க உயர்வாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டநூலான 'ஷுல்ஹான் ஆருக்', எல்லா வாழ்த்துகளிலும் மனம் குவியவில்லை என்றால் முதல் வாழ்த்திலாவது குவியட்டும் என்று கோட்டைக் கீழே இறக்கியது. அந்நூலுக்குக் குறிப்பு எழுதிய போலந்து நாட்டு மோசஸ் இஸ்ஸெர்லிஸ் இன்னும் ஒரு படி போனார். இக்காலத்தில் மனம் குவியவில்லை என்பதற்காக யாரையும் மறுபடி சொல்லச் சொல்வதில்லை. மறுமுறை சொன்னாலும் குவியப்போவதில்லையே என்றார்.

இஸ்ஸெர்லிஸின் இந்த வரியை நான் சமரசமாகப் பார்க்கவில்லை. மனித மனத்தை உள்ளபடி அறிந்த ஒருவரின் கருணை அது. மனம் வராத நாளிலும் வாய் சொல்லட்டும், நேரம் தவறாமல் நிற்கட்டும் என்று அவர் விட்டுவைத்தார். அப்படி விட்டுவைக்காத மரபில், மனம் நிறைந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களும் மனம் நிறைந்த நாட்களில் மட்டுமே வருவார்கள்.

இனி திருவண்ணாமலை. 1907ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று விரூபாட்சி குகைக்குக் காவ்ய கண்ட கணபதி முனிவர் ஏறி வந்தார். மந்திரங்களைத் துல்லியமாக, கோடிக்கணக்கில் உருவேற்றியவர் என்று பெயர் பெற்ற வடமொழி அறிஞர் அவர். படிக்க வேண்டியதைப் படித்தாயிற்று, ஜபிக்க வேண்டியதை ஜபித்தாயிற்று, ஆனாலும் தவம் என்பது என்னவென்று விளங்கவில்லை என்று முறையிட்டார். அதுவரை பெரும்பாலும் மௌனமாக அங்கே இருந்த, பிராமண சுவாமி என்று அழைக்கப்பட்ட இருபத்தேழு வயது இளைஞர் பதில் சொன்னார். 'நான்' என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அதுவே தவம். மந்திரம் ஜபிக்கும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அதுவும் தவம். அந்த இளைஞருக்குப் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று பெயர் சூட்டியவர் கணபதி முனிவர்தான்.

அந்தப் பதிலின் இரண்டாம் பாதியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜபத்தை விட்டுவிடு என்று ரமணர் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு செய்தது வீண் என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த அதே மந்திரத்தை, அதே ஒலியை வைத்துக்கொண்டு, கவனம் திரும்ப வேண்டிய திசையை மட்டும் காட்டினார். கணபதி முனிவர் அதன் பிறகும் மந்திர சாதகராகவே இருந்தார்.

இருபது ஆண்டு கழித்து, 1927இல், அடியார் முருகனார் வேண்டிக்கொண்டதால் ரமணர் 'உபதேச உந்தியார்' எழுதினார். முப்பது பாடல். பின்னணிக் கதை தாருகாவனம். அங்கிருந்த முனிவர்கள், கருமத்தைப் பிசகின்றிச் செய்தால் அதுவே பலன் தரும், அதற்கு மேல் ஈசன் ஒருவன் தேவையில்லை என்று நம்பியவர்கள். வெறும் துல்லியத்தின் எல்லைக்குப் போனவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். அவர்களுக்குத் தரும் உபதேசமாக நூல் தொடங்குகிறது: கருமம் சடம், அது தானே பலன் தராது, பயன் கருதாமல் ஈசனுக்கு ஒப்படைத்துச் செய்யும் கருமம் மனத்தைத் திருத்தும். அடுத்து ஒரு வரிசை. பூசை உடலின் தொழில், ஜபம் வாக்கின் தொழில், தியானம் மனத்தின் தொழில். ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது. ஜபத்திலும் உரக்கச் சொல்வதைவிட வாய்க்குள் சொல்வது மேல், அதனினும் மனத்தால் சொல்வது மேல்.

இங்கே யூத மரபை அருகில் வைத்தால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரிகிறது. விவிலியத்தில் சாமுவேலின் தாய் அன்னாள் குழந்தை வரம் கேட்டுச் சீலோவின் ஆலயத்தில் அழுதுகொண்டே வேண்டுகிறாள். உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியர் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறார். முறை அறிந்தவர் மனத்தை அறியவில்லை. இந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு மிஷ்னாவை விவாதித்து விரித்த தால்முத்தின் அறிஞர்கள் செய்ததுதான் வியப்பானது. பிரார்த்தனை செய்பவர் உள்ளத்தை ஒருமுகப்படுத்த வேண்டும், உதடுகளால் உச்சரிக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது என்ற விதிகளை அவளிடமிருந்தே வகுத்தார்கள். ஆலயத்தில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு பெண்ணின் துயரம் சட்டமாயிற்று. இன்றும் யூதர்கள் நாளுக்கு மூன்று முறை நின்றபடி முணுமுணுக்கும் பிரார்த்தனையில் அன்னாளின் உதடுகள்தாம் அசைகின்றன.

ரமணர் வாய்க்குள் சொல்வதைத் தாண்டி மனத்துக்குள் போகச் சொல்கிறார். யூதச் சட்டமோ வாய்க்குள் சொல்வதோடு நின்றுவிடுகிறது. உதடு அசைந்தாக வேண்டும். மனம் அலையும், உதட்டை அசைக்கும் கடமை அதை இழுத்துக் கட்டும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. ரமணர் காட்டியது ஏறிப்போகக் கூடிய உயரம். யூதச் சட்டம் வகுத்தது எல்லாருக்கும் பொதுவான தளம். இரண்டில் ஒன்று தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டம் எழுதுகிறவர் கடைசி ஆளையும் மனத்தில் வைத்து எழுத வேண்டியிருக்கிறது.

ரமணாசிரமத்தின் நடைமுறையைப் பார்த்தால் அங்கேயும் இந்த இரண்டும் உடனிருக்கின்றன. மனத்தால் செய்யும் ஜபத்தை உயர்த்திச் சொன்ன அந்த நூலின் சமஸ்கிருத வடிவமான 'உபதேச சார'த்தை, ரமணரின் முன்னிலையிலேயே வேத பாராயணத்தோடு சேர்த்து உரக்க ஓதினார்கள். இன்றும் ஆசிரமத்தில் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏற்ற இறக்கம் பிசகாமல் ஓதுகிறார்கள். ஒருவன் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்தவன் குரல் தாங்கிப் பிடிக்கும். ஸ்வரம் அறுவதே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பொருள் தெரியாது. மாலையில் தமிழ்ப் பாராயணமும் உண்டு. அதில் கேட்பவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள்.

வேதம் ஓதுவதில் ஸ்வரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வைதிகர்கள் சொல்லும் பழைய கதை துவஷ்டாவுடையது. இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டி வேள்வி செய்தவன், ஒரு சொல்லில் ஸ்வரத்தை மாற்றி உச்சரித்ததால், இந்திரனால் கொல்லப்படும் மகனைப் பெற்றான். அவன் மனத்தில் இருந்தது ஒன்று, வாய் சொன்னது வேறொன்று, பலித்தது வாய் சொன்னது. ரபி யெஹூதா இந்தக் கதையை மனமார ஒப்புக்கொண்டிருப்பார்.

1935இல் ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்ட ஆங்கிலேயர் மேஜர் சாட்விக், பாராயணத்தின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று ரமணரைக் கேட்டிருக்கிறார். தேவையில்லை, அந்த ஒலியே மனம் அடங்கத் துணை செய்யும் என்பது பதில். சாட்விக் தம் நினைவுக்குறிப்புகளில் இன்னொன்றும் சொல்கிறார். ரமணரின் தாயார் அழகம்மையின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. அதையொட்டி நடந்த ஸ்ரீசக்கர பூஜையை ரமணர் உணவுக்கும் எழாமல் இறுதிவரை இருந்து பார்த்தார். இதைத் தொடர்ந்து நடத்தினால் நல்லது என்று ஒருவர் சொன்னபோது, நல்லதுதான், யார் அந்தச் சிரமத்தை ஏற்பார்கள் என்று கேட்டார். 1950 ஏப்ரல் 14இல் ரமணர் மறைந்தார். 1953 முதல் அந்தச் சிரமத்தை ஏற்றவர் சாட்விக்தான். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, தமிழ் மாதப் பிறப்பு என்று நாள் குறித்து அந்தப் பூஜை தொடங்கியது. 'நான் யார்' என்று விசாரிக்க வந்த ஒரு ராணுவ அதிகாரி மிக நுணுக்கமான ஒரு பூஜை முறைக்குக் காவலராக நின்றார். அன்பினால்தான் நின்றார்.

ஆசிரமத்தின் அந்த முதல் தலைமுறையில் யூதர்களும் இருந்தார்கள். ஈராக்கில் பிறந்த எஸ்.எஸ். கோஹன் 1936இல் வந்து தங்கி 'குரு ரமண' என்ற நூலை எழுதினார். போலந்து யூதரான பொறியாளர் மாரிஸ் ஃப்ரிட்மன், 1939இல் வெளிவந்த 'மஹரிஷீஸ் காஸ்பல்' நூலின் கேள்விகளுக்கும் தொகுப்புக்கும் பின்னால் இருந்தவர்.

சைவ மரபில் மனத்தின் வெற்றிக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது கண்ணப்பர். அது சரியே. ஆனால் பெரிய புராணத்தில், அதே இறைவனுக்கு ஆகமப்படி பூசை செய்த சிவகோசரியார் தோற்றவர் அல்லர். கண்ணப்பர் வைத்துப்போன இறைச்சியை அகற்றி, ஆகமப்படி தூய்மை செய்து, அவர் தம் பூசையை நாள்தோறும் செய்துகொண்டே இருந்தார். அவர் வேதனையைத் தீர்க்க இறைவன் கனவில் வருகிறார். இரண்டு பூசையையும் ஏற்றுக்கொண்ட கதை அது. நாம் பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்.

திருநின்றவூர்ப் பூசலார் கதையை இன்னும் அதிகமாகத் திரித்துவிட்டோம். கையில் காசில்லாமல் மனத்திலேயே கோயில் கட்டியவர், ஆகவே மனம் இருந்தால் போதும் என்கிறோம். சேக்கிழார் சொல்லும் பூசலார் அப்படிப் போதும் என்று இருந்தவரா? மனத்துக்குள்ளேயே பொருள் தேடுகிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து ஆகமப்படி அடித்தளம் இடுகிறார். இரவும் கண்துஞ்சாமல் படிப்படியாகக் கட்டி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு எடுத்து, மதில் எழுப்பி, குளம் தோண்டி, குடமுழுக்குக்கும் முகூர்த்தம் குறிக்கிறார். யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரு படியைத் தாண்டிப் போயிருந்தாலும் கேட்பார் இல்லை. ஆனாலும் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. காஞ்சியில் பல்லவ மன்னன் காடவர்கோன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி இறைவன் பூசலாரின் நாளுக்குப் போனார் என்றால், மனத்தில் கட்டிய கோயிலும் முறைப்படி கட்டிய கோயிலாக இருந்தது என்பதை நாம் விட்டுவிடக் கூடாது. சாக்கிய நாயனாரும் அப்படித்தான். சிவலிங்கத்தின்மேல் அவர் எறிந்தது கல். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. உண்ண உட்கார்ந்த ஒரு நாள், இன்று எறியவில்லையே என்று நினைவு வர, சோற்றை விட்டு எழுந்து ஓடினார். ஆகமம் சொல்லாத செயலுக்கு அவர் மனமே ஒரு நியமத்தைப் போட்டுக்கொண்டது.

இதே திருவண்ணாமலையில்தான் அருணகிரிநாதர் உருகினார். உருகியவர் தேர்ந்துகொண்ட வடிவம் தமிழில் மிகக் கண்டிப்பான சந்தம். ஓர் அசை கூடினாலும் குறைந்தாலும் தாளம் தட்டும். மாணிக்கவாசகர் பெண்கள் பாடுவதாக இங்கே பாடிய திருவெம்பாவை இன்று மார்கழியில் விடியற்காலையில், இன்ன நேரம் என்று குறித்து ஓதப்படுகிறது. மூவர் பதிகங்களை நாள்தோறும் பாடத் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 48 பேரை நியமித்தான். அன்னாளின் முணுமுணுப்பு யூதச் சட்டம் ஆனதைப்போலவே இங்கும் ஒருவருடைய உள்ளம் ததும்பியது மற்றவர்களுக்கு முறையாகியிருக்கிறது. அந்தக் காரணத்துக்காகவே முறையை வெறும் சடங்கு என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

கார்த்திகைத் தீபத்தன்று இதைக் கண்ணால் பார்க்கலாம். அதிகாலையில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் கொடிமரத்தருகே ஆடி வந்து, சில நிமிடங்களே காட்சி தந்து உள்ளே போய்விடுவார். ஆண்டுக்கு ஒரே முறை. அந்த நேரத்தில் கொடிமரத்தின் முன் தீபம் ஏற, 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் மகா தீபம் ஏறும். அதை ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரியாக முறுக்கப்பட்ட காடாத்துணி, பல நாள் ஏற்பாடு; நிமிடம் தப்பக் கூடாது. அந்தத் துல்லியம் இல்லையென்றால் லட்சக்கணக்கான வாய்கள் ஒரே நொடியில் 'அரோகரா' என்று எழுவதற்கு வழியில்லை. இங்கே மனம் பொங்குவதற்கான நேரத்தை முறை குறித்துக் கொடுக்கிறது.

ஆனால் முறை தன் வேலையைச் செய்யாமல் மனத்தின் வேலையையும் எடுத்துக்கொள்ளும்போது கெடுதல் தொடங்குகிறது. யூத மறைஞானிகள், ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றும் முன் 'இதை இறைவனின் ஒருமைக்காகச் செய்கிறேன்' என்ற கருத்தில் ஒரு வாசகம் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட நம் சங்கல்பம். யூத பக்தி இயக்கத்தினரான ஹஸீதியர்களிடையே அது பரவியபோது, 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்து ரபி எஹெஸ்கேல் லாண்டாவ் கடுமையாக எதிர்த்தார். நோக்கத்தையே ஒரு வாசகமாக்கி ஒப்பிக்கும்போது நோக்கம் எங்கே போகிறது என்ற கவலை எனக்கும் நியாயமாகவே படுகிறது. நம் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் அந்தக் கவலை இரட்டிப்பாகிறது. ஒப்பிப்பதும் நாம் அல்ல.

பொருள் தேவையில்லை என்று ரமணர் சாட்விக்கிடம் சொன்னது இதற்கு விடை ஆகாதா? ஆகாது என்றே நினைக்கிறேன். பாராயணம் கேட்பதற்கானது, அதன் ஒலியில் மனம் அடங்கலாம். சங்கல்பம் ஒருவர் தம் பெயரில் தரும் வாக்கு. மிஷ்னாவின் 'சோட்டா' என்னும் நூல் இந்தப் பாகுபாட்டைத் தெளிவாகச் செய்திருக்கிறது. ஆசாரியர்கள் வழங்கும் ஆசீர்வாதம்போன்றவை எபிரேயத்தில் மட்டுமே சொல்லத்தக்கவை. ஷெமா, பிரார்த்தனை, உணவுக்குப் பின் சொல்லும் நன்றி, சாட்சியாகச் செய்யும் சத்தியம் ஆகியவற்றை எந்த மொழியிலும் சொல்லலாம். மனிதர் இறைவனிடம் தம் சார்பில் பேசும் இடங்களில் பெரும்பாலும் மொழியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் தமிழ் அர்ச்சனை 1971இல் அரசு ஆணையாக வந்தது, வழக்குகளைச் சந்தித்தது. 2021 ஆகஸ்டில் 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' என்ற பெயரில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் தொடங்கி 47 கோயில்களுக்கு விரிந்தது. இதை மொழி அரசியலாக மட்டுமே இரு தரப்பும் வாதாடியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆகம முறையும் வேத ஸ்வரமும் அறிந்தவர்கள் வசம் துல்லியமாக இருக்கட்டும். அவை காக்கப்பட வேண்டியவை. சங்கல்பம் மட்டும் வழிபடுகிறவரின் வாய்க்கு வர வேண்டும்.

அண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தமிழில் அர்ச்சனை செய்யக் கேளுங்கள். சமஸ்கிருதத்தில்தான் நடக்கிறதென்றால், குருக்கள் தொடங்கும் முன்பே யாருக்காக, எதற்காக வந்தீர்கள் என்பதை உங்கள் வாயால், உங்கள் மொழியில், உதடு அசையச் சொல்லிவிடுங்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பில்லாமல், சாலையின் இடப்பக்கமாக, பேச்சை விட்டு நடங்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதைப்போல மெதுவாக நடக்க வேண்டும் என்பது ரமணர் சொன்ன முறை. மனம் வராத பௌர்ணமியிலும் வந்து நடங்கள்.